இரண்டு பேர் மட்டும் படிக்கலாம்

என் அண்ணன் பெயரில் யாரோ ஒரு படுபாவி எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான் என்ற சந்தேகம் ஒரு இடது கால் ஷூவில்தான் எனக்கு முதலில் வந்தது. "உயரம் போதாது. கண்ணு இருக்கா, இல்ல வாடகைக்கு விட்டுட்டியா? பிரிச்சுப் போடு" என்று போனில் வந்திருந்தது. மேலே வட்டத்துக்குள் அண்ணன் படம். கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். என் அண்ணன் இப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

சொல்லப்போனால் என் அண்ணன் என்னோடு பேசுகிற ஆளே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குச் சுற்றிய தலை உங்களுக்கும் சுற்றும்.

கால் சரியில்லாதவர்களுக்கு ஷூ செய்வது எங்கள் தொழில். ஒரு கால் குட்டையானவர், பாதம் உள்பக்கம் மடங்கியவர், சர்க்கரை வியாதியில் விரலை எடுத்தவர் என்று வருவார்கள். முன்பக்கம் கடை. அங்கே அண்ணன் அளவு எடுப்பார். பின்பக்கம் பட்டறை. அங்கே நான் தோலை வெட்டி, பாத வடிவ மரக்கட்டையில் இழுத்து ஆணியடித்து, அடி ஒட்டி முடிப்பேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நடை. அந்த நடையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அண்ணி உட்கார்ந்து ஷூவின் உள்துணி தைப்பார். மாடியில் அவர்கள் வீடு. நானும் என் மனைவியும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஷூ சரியாக அமையவில்லை. அளவு தப்பா, வேலை தப்பா என்று வாய்த்தகராறு. வாடிக்கையாளரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு அண்ணன், "இது நாய் கடிச்சு விளையாடத்தான் லாயக்கு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஷூவை அங்கேயே போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனவன்தான். மறுநாளிலிருந்து பின்சந்து வழியாக வேலைக்கு வருகிறேன். கடைப் பக்கம் கால் வைப்பதில்லை, அவரும் பட்டறைப் பக்கம் வருவதில்லை.

ஆனால் அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலமே அண்ணி பட்டறைக்கு வந்து, "உங்க அண்ணனுக்கு மனசே சரியில்ல தம்பி. வாய் தவறிடுச்சு, மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு" என்றார். மன்னிப்பே கேட்டுவிட்டாரே என்று நானும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன். நானாகப் போய்ப் பேசவில்லை என்பது வேறு விஷயம். மன்னிப்புக் கேட்டவர்தானே வந்து பேச வேண்டும்? அவர் வருவார் என்று நான் காத்திருந்தேன், வருஷம் ஓடிவிட்டது.

அதனால் வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. அண்ணி வருவார், "குதிகாலைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொன்னாரு" என்பார். "நேத்துப் போனது நல்லா இருந்துச்சாம், தம்பி கையே கைதான்னு சொன்னாரு" என்பார். நானும் என் பதிலைச் சொல்லி அனுப்புவேன். அண்ணன் இத்தனை மரியாதையாகப் பேசுகிறாரே, வயசு ஆக ஆகப் பக்குவம் வருகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கடைக்குள்தான் ஆஸ்பத்திரி அந்தச் செயலியைக் கொண்டுவந்து நுழைத்தது.

எங்களுக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருவதுதான். அது நின்றால் கடை ஒரு குடும்பத்துக்குத்தான் சோறு போடும். நாங்களோ இரண்டு குடும்பம். அதனால் அவர்கள் உட்காரு என்றால் உட்காருவோம், நில் என்றால் நிற்போம். நோயாளிகளின் கால் படமும் வியாதி விவரமும் இனிமேல் துண்டுச் சீட்டில் போகக் கூடாது, கண்ட செயலியில் போகக் கூடாது, நாங்கள் கொடுக்கும் பாதுகாப்பான செயலியில் மட்டும்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஊன்றுகோல் செய்பவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், சக்கர நாற்காலி பழுது பார்ப்பவர் என்று எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு வகுப்பு நடத்தினார்கள். வகுப்பு எடுத்த அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் பாஸ்வேர்ட் மேடம்.

"அனுப்புறவர் போன்ல பூட்டி, வாங்குறவர் போன்லதான் திறக்கும். நடுவுல நாங்ககூட படிக்க முடியாது" என்றார் மேடம். "அளவு எடுக்குறவர் ஒருத்தர், செய்யுறவர் ஒருத்தர். ஒரு கடைக்கு ரெண்டே பேர்."

நான் கையைத் தூக்கினேன். "எங்க அண்ணியையும் சேர்த்துக்கலாமா மேடம்?"

"அவங்க என்ன வேலை பாக்குறாங்க?"

"உள்துணி தைப்பாங்க. அப்புறம், இவர் சொல்றதை அவர்கிட்ட சொல்லிட்டு வருவாங்க."

"அதைத்தாங்க வேண்டாங்கிறோம்" என்றார் மேடம். எல்லோரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு திருடர்களைப் பற்றிச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்தவர் பெயரிலேயே வருவான். அவர் படத்தையே போட்டுக்கொள்வான். எப்படிக் கண்டுபிடிப்பது? தொனியை வைத்துத்தான். தெரிந்தவர் வழக்கமாகப் பேசாத விதத்தில் பேசினால் சந்தேகப்படுங்கள். அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். பதில் தப்பாக வந்தால் மூலையில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள், எங்களுக்குப் புகார் வந்துவிடும். இதையெல்லாம் நான் மனப்பாடமே பண்ணிவிட்டேன். அண்ணன் மறுநாள் வகுப்புக்குப் போனார். ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா, பின்னே?

செயலி வந்த அன்றைக்கு அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, "இனிமே நான் இங்கயும் அங்கயும் நடக்க வேண்டாம், அப்படித்தானே?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணி. உங்களுக்கு ஓய்வு."

"நல்லதாப் போச்சு" என்றார். ஆனால் முகத்தில் நல்லதாகப் போன களையே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று யோசித்தேன். பிடிபடாததால் விட்டுவிட்டேன்.

முதலில் சில நாள் வெறும் படமும் எண்ணும்தான் வந்தன. நானும் "சரி", "முடிந்தது" என்று தட்டிவிடுவேன். அப்புறம்தான் அந்த இடது கால் ஷூ. அதற்கு மறுநாள், "உன்கிட்ட சொல்றதும் செவுத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு" என்று வந்தது. அதற்கும் அடுத்து, "இன்னும் முடியலையா? அங்க வேலை செய்யுறியா, குறட்டை விடுறியா?"

தொனி மாறுகிறது, அவசரப்படுத்துகிறது. மேடம் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அப்படியே பொருந்தின. சோதித்துப் பார்ப்போம் என்று "சரி" என்று ஒன்று அனுப்பினேன். முன்பக்கம் கடையில் 'டிங்' என்று சத்தம் கேட்டது. அட, அண்ணன் போன்தான்! ஆனால் திருடன் நம் போனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான் என்றும் மேடம் சொல்லியிருந்தாரே. அப்படியானால் சத்தம் அங்கே கேட்டால் என்ன, ஆகாசத்தில் கேட்டால் என்ன? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "இது வெளியாள் மாதிரி தெரியலையே. உங்க குடும்பத்து ஆள் பேசுற மாதிரிதான் இருக்கு. நீங்க எங்கிட்ட பேசுறதும் இப்படித்தானே?" என்றாள். இவளிடம் போய்க் கேட்டேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணியிடமே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனேன். "அண்ணி, இதைப் பாருங்க. அண்ணன் இப்படி எழுதுவாரா?"

அண்ணி படித்தார். மேலே தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தார். "இருக்காது தம்பி" என்றார் கடைசியில். "அவர் உங்களை இப்படிப் பேசுவாரா? வேற யாராவதா இருக்கும். பதில் போடாதீங்க, நான் பாத்துக்கிறேன்."

"போலீசுக்குப் போகட்டுமா?"

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்!" என்று பதறினார். எதற்கு அந்தப் பதற்றம் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அண்ணி எழுந்து கடைக்குள் போனார். உள்ளே அண்ணன் குரல் உயர்வதும் அண்ணி குரல் தணிவதும் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை.

பதில் போடாதே என்றால் கை சும்மா இருக்குமா? மேடம் சொன்னபடி, எங்களுக்கு மட்டுமே தெரிந்த கேள்வியாக யோசித்து எழுதினேன். "நாம கடைசியா நேர்ல பேசிக்கிட்டது என்ன?"

ஒரு குதிகாலை ஒட்டி முடித்தேன். பிறகுதான் பதில் வந்தது: "'உங்களுக்கு அளக்கவே தெரியல'ன்னு ஆள் எதிர்ல சொன்னே."

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நாய் கடித்து விளையாடுகிற கதைதானே கடைசிப் பேச்சு! பதில் தப்பு. இருந்தாலும் ஒருவேளை என்று இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். "அதுக்கப்புறம் யார் மன்னிப்புக் கேட்டது?"

உடனே வந்தது: "நீதான். இதுகூட தெரியல, நீ யார்டா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. மன்னிப்புக் கேட்டது அண்ணன். உலகத்தில் இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். இவனுக்குத் தெரியவில்லை என்றால் இவன் அண்ணன் இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அழுத்திய கையோடு திரையில் ஒரு அறிவிப்பு வந்தது: எதிர்முனையில் இருப்பவர் உங்களைப் போலி என்று புகார் செய்திருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு போனிலும் செயலி பூட்டிக்கொண்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வேலை வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. கட்டைகள் அலமாரியில் வரிசையாகக் காத்துக் கிடந்தன, நான் வெட்டிய தோலையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் போன் செய்தார். உங்கள் கடையில் தகவல் கசிந்திருக்கிறது போலத் தெரிகிறது, நேரில் வந்து பார்க்கிறேன், உண்மையிலேயே கசிந்திருந்தால் வேலையை வேறு கடைக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். வேறு கடைக்குப் போனால் இந்தக் கடையில் இரண்டு பேருக்கு இடம் இல்லை. முன்பக்கம் இல்லாமல் கடை உண்டா? வெளியே போக வேண்டியவன் நான்தான்.

பாஸ்வேர்ட் மேடம் வந்து நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கக் கதவில் நான் நின்றேன். எதிர்ப்பக்கக் கதவில் அண்ணன் வந்து நின்றார். இத்தனை கிட்டத்தில் அவரைப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. தலை முழுக்க நரைத்திருந்தது. யார் இந்தக் கிழவர் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அவரும் என் தொப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அண்ணி குனிந்த தலை நிமிராமல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் இரண்டு போனையும் வாங்கிக் குடைந்தார். என்னென்னவோ அமுக்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு போனும் சுத்தமா இருக்கு. வெளியாள் யாரும் நுழையல."

"அப்போ எனக்கு எழுதினது யாரு மேடம்?" என்றேன்.

"இவர்தான்."

"எனக்கு எழுதினது?" என்றார் அண்ணன்.

"அவர்தான். ரெண்டு பேரும் அசல் ஆளுங்கதான். அசல் ஆளுங்க ஏன் ஒருத்தரை ஒருத்தர் போலின்னு புகார் பண்ணினீங்கன்னுதான் எனக்குப் புரியல." மேடத்துக்கே புரியவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பூட்டைத் திறக்க ஒரே ஒரு வழிதான் என்றார். இரண்டு போனிலும் ஒரே நீள எண் ஒன்று தெரியும். இருவரும் நேருக்கு நேர் நின்று அதை ஒருவருக்கொருவர் வாய்விட்டுப் படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்து, "இவர்தான் அவர்" என்று இருவரும் சொல்ல வேண்டும்.

"கொடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்" என்று அண்ணி கையை நீட்டினார்.

"மூணாவது ஆள் கூடாதும்மா" என்றார் மேடம். "விஷயமே அதுதான்."

அண்ணியின் கை மெஷினுக்குத் திரும்பிவிட்டது.

யார் முதலில் வாயைத் திறப்பது? அண்ணன் கூரையைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். மேடம் மணியைப் பார்த்தார். கடைசியில் அண்ணன்தான் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"நாலு. ஒண்ணு. ஏழு. ஏழு. ரெண்டு."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். குரல் கரகரத்துப்போயிருந்தது. எண்ணைச் சரிபார்க்காமல் குரலையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். வெறும் எண்ணுக்கு எதற்கு இப்படி நிற்கிறோம் என்று என் மேலேயே எனக்கு எரிச்சல். அடுத்த வரிசையை நான் படித்தேன். அதற்கடுத்தது அவர். அதில் ஓரிடத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"ஆறா, ஒன்பதா?"

"ஒன்பதுன்னுதானே சொன்னேன்? காதுல என்ன, பஞ்சா வெச்சிருக்கே?"

நான் போனிலிருந்து தலையைத் தூக்கினேன். இந்தக் குரல் எனக்குத் தெரியும். கண்ணை வாடகைக்கு விட்டவனா என்று கேட்டதும், குறட்டை விடுகிறாயா என்று கேட்டதும் இதே வாய்தான். அப்படியானால் "தம்பி கையே கைதான்" என்று சொன்ன வாய் எது?

எண் ஒத்துப்போனது. "இவர்தான் அவர்" என்று இருவரும் சொன்னோம். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி விழுந்தது. மேடம் பூட்டைத் திறந்துவிட்டு, இனிமேல் அந்தச் சிவப்புப் பொத்தானை யோசித்து அழுத்துங்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம், என் வாய்தான் சும்மா இருக்காதே.

"மன்னிப்பு யார் கேட்டது?" என்றேன்.

"நீதான்" என்றார் அண்ணன். "அன்னிக்கு ராத்திரியே சொல்லி அனுப்பினியே. சின்னப் பையன், புத்தி கெட்டுப் பேசிட்டேன், மன்னிச்சிடச் சொல்லுங்கன்னு. போனாப் போகுதுன்னுதான் உன்னை வேலையில விட்டு வெச்சேன்."

"நானா? நீங்கதானே வாய் தவறிடுச்சுன்னு சொல்லி அனுப்பினீங்க! அதனாலதான் நான் பெரிய மனசு பண்ணி வந்துக்கிட்டிருக்கேன்!"

"நான் ஏன்டா உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அளவு எடுத்தது நீங்க!"

"வேலையைக் கெடுத்தது நீ!"

விட்ட இடத்திலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டோம். எத்தனை வருஷமாகியும் ஒரு வார்த்தைகூடப் பழசாகியிருக்கவில்லை. மன்னிப்பே கேட்காத மனுஷனுக்கா இத்தனை காலம் குனிந்து ஆணியடித்தேன் என்று எனக்கு. மன்னிப்பே கேட்காத தம்பிக்கா இத்தனை காலம் பங்கு கொடுத்தேன் என்று அவருக்கு. பேச்சு தடித்தது.

"பிரிச்சுக்கலாம்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, பழக்க தோஷம், அண்ணியின் பக்கம் திரும்பினார். "கடை எனக்கு, பட்டறைச் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பச் சொல்லு அவனை."

நானும் அண்ணியைத்தான் பார்த்தேன். "கட்டையெல்லாம் நான் செதுக்கினது, ஒண்ணைக்கூட விடமாட்டேன்னு சொல்லுங்க அவர்கிட்ட. அளவு நாடாவைக் கழுத்துல போட்டுக்கிட்டு அவர் மட்டும் உக்காந்து கடை நடத்தட்டும்."

மெஷின் நின்றது.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டார் அண்ணி. குரல் உயரவேயில்லை. "மறுபடி சொல்லுங்க, சரியா கேக்கல."

அண்ணி மெஷினை விட்டு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"'அந்தக் கழுதைக்குச் சொல்லி வை'ன்னு இவர் சொன்னப்ப எதிர்ல நின்னது யாரு? நான். 'அவர் மூஞ்சியில கொண்டுபோய் வீசுங்க'ன்னு நீங்க ஷூவை எறிஞ்சப்ப அது வந்து விழுந்தது யார் மேல? என் மேல. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை திட்டினது இல்ல, தெரியுமா? எல்லாத்தையும் என் மூஞ்சிக்கு நேராத்தான் சொன்னீங்க. நான் கொண்டுவந்து கொடுத்தது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வாங்கிக்கிட்டது தெரியாது. மூணாவது ஆள் கூடாதாமே, அந்தம்மா சொல்லிட்டுப் போறாங்க. அந்த மூணாவது ஆள் காதுலதான் இந்தக் கடையே நடந்துச்சு."

அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"நான் பேசிக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணி. அண்ணன் வாயை மூடிக்கொண்டார். "பொய்தான் சொன்னேன். ஒண்ணா ரெண்டா? ஆயிரம் சொன்னேன். பொய் சொன்னதுக்கு வருத்தப்படல. பிரிக்கிறதா இருந்தா பிரிச்சுக்கங்க. தோல் ஆளுக்குப் பாதி, கட்டை ஆளுக்குப் பாதி. எனக்கு அலுத்துப்போச்சு."

ஊசியில் இருந்த நூலை அறுத்தார். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். மேலே கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டன.

அண்ணி அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் சொல்லி அனுப்பியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரத் தொடங்கியது. குருட்டுக் கபோதி என்றிருக்கிறேன். கையாலாகாதவர் என்றிருக்கிறேன். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு நாளும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவர் நடையைக் கடப்பதற்குள் அவற்றை எங்கே போட்டார்? எப்படி அத்தனையையும் முழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரித்த முகத்தோடு நின்றார்? எனக்கு எதுவுமே விளங்கவில்லை.

அண்ணன் மேடம் உட்கார்ந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எங்கள் இருவர் போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. ஆஸ்பத்திரி வேலை அனுப்பியிருந்தது. இருவருமே எடுத்துப் பார்க்கவில்லை.

"டேய்" என்றார் அண்ணன்.

"என்ன?"

"நீ போய்ச் சொல்லு. நான் தெரியாம பேசிட்டேன்னு, மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லு அவகிட்ட. நீ சொன்னா கேப்பா."

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியோடு அவரைத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கும்தான் என்ன தெரியும்? "எனக்கும் சேர்த்து நீங்களே சொல்லிடுங்க" என்பது என் நாக்கு நுனி வரை வந்திருந்தது.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணே" என்றேன். "நான் சொன்னா அது நான் சொன்னதா ஆயிடும்."

"அப்போ பிரிக்கிறது?"

"கட்டையெல்லாம் எங்கயும் ஓடிப்போயிடாது. முதல்ல அண்ணியைப் பாருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் ஓடிவிடும். நான் இடுப்பிலிருந்த தோல் உடுப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படியேறினேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கதவு முன்னால் போய் நின்றேன். தட்டுவதா, கூப்பிடுவதா என்று புரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டுத் தட்டினேன்.

"யார் சொல்லி அனுப்பினாங்க?" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"யாரும் அனுப்பல அண்ணி. நானாத்தான் வந்தேன்."

தாழ்ப்பாள் அசையவில்லை. எனக்குப் பின்னால் படியில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, கொஞ்சம் நிற்பது, இன்னொரு படி. திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நின்றேன். அது என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு வாங்கியது.

"உங்ககூட வேற யாரு தம்பி? எதுக்கு வந்திருக்காரு?" என்று கேட்டார் அண்ணி.

பதில் என் வாய் வரை வந்துவிட்டது. நல்ல பதில்தான், அண்ணி என்னிடம் இத்தனை வருஷம் சொன்ன பதில்களைப் போல. அதை முழுங்கிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"அதை அவரையே கேளுங்க அண்ணி."